இறுகிப்போன ஆயில் ஃபில்டர்: பிடித்துக்கொண்டிருப்பது மரை இல்லை, ரப்பர்

வண்டி ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 பைக். வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்ற இறங்கியிருக்கிறீர்கள். பழைய ஆயிலை வடித்தாயிற்று. ஃபில்டர் மட்டும் அசையமாட்டேன் என்கிறது. கையால் திருகினால் வழுக்குகிறது. பட்டையைச் சுற்றிப் பிடித்துத் திருகும் பெல்ட் ரெஞ்ச் போட்டு இழுத்ததில் ஃபில்டரின் வெளிக்கூடான டின்னின் நுனி லேசாக நசுங்கிவிட்டது. நண்பர் ஒருவர் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே அடித்து இறக்கித் திருகச் சொல்கிறார். இன்னொருவர் இறுகியதை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடச் சொல்கிறார். எதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். டின் நசுங்கியிருக்கிறதே தவிர ஓட்டை விழவில்லை. ஓட்டை விழாத டின் கையில் இருக்கும்வரை உங்களுக்கு வழிகள் நிறைய உண்டு. ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை உள்ளே இறங்கிவிட்டால் அவற்றில் பாதி அடைபட்டுவிடும். வண்டியை நாளைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்றால்கூட இன்றைக்கு அவசரப்படாதீர்கள். தேவைப்பட்டால் ஆயில் வடிக்கக் கழற்றிய ட்ரெயின் போல்ட்டை மாட்டி, புது ஆயிலை ஊற்றி, பழைய ஃபில்டரோடு மெதுவாகச் சில நாள் ஓட்டலாம். டின்னில் கசிவு இல்லையென்றால் அதனால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஃபில்டர் மாற்றும்போது கொஞ்சம் ஆயில் வீணாகும், அவ்வளவுதான்.

முதலில், அது ஏன் இறுகியது என்று பார்த்துவிடுவோம். வாங்கி வைத்திருக்கும் புது ஃபில்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரை வெட்டிய ஒரு துளை. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள். விளிம்பை ஒட்டி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட், அதாவது மரை வெட்டிய ஒரு குட்டைக் குழாய், நடுத்துளைக்குள் போகிறது. ஃபில்டரைத் திருகத் திருக, ரப்பர் வளையம் இன்ஜினின் அலுமினிய முகத்தில் அழுந்தி ஆயிலை அடைக்கிறது.

மரை இரவும் பகலும் ஆயிலிலேயே கிடக்கிறது. அது துருப்பிடிக்க வாய்ப்பே இல்லை. இறுகுவது ரப்பர்தான். போனமுறை மாட்டியவர் ரப்பரில் ஆயில் தடவாமல் காய்ந்தபடியே மாட்டியிருப்பார், அல்லது ரெஞ்ச் போட்டு முறுக்கியிருப்பார். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும். அதன்பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகி ஆறும்போதும் ரப்பர் இன்னும் கொஞ்சம் தட்டையாகி, கெட்டிப்பட்டு, அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்டர்செப்டரில் ஆயில் மாற்றும் இடைவெளி 10,000 கிலோமீட்டர் என்பதால் அந்த ரப்பருக்கு வெந்து ஒட்ட நேரமும் நிறையக் கிடைக்கிறது.

இது புரிந்துவிட்டால் டபிள்யூடி-40 யோசனை ஏன் பலிக்காது என்பது தெரிந்துவிடும். நசுங்கிய ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அது ஊறி இறங்காது. ஆயிலையே அடைத்து நிற்கும் இடம் அது. ஸ்ப்ரே டின்மேல் வழிந்து, நீங்கள் பிடிக்கவேண்டிய இடத்தை வழுவழுப்பாக்குவதுதான் மிச்சம். ஏற்கெனவே அடித்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் திசை. சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், 'இறுகிய ஃபில்டர்' என்று வருகிறவற்றில் கணிசமானவை தப்பான பக்கம் திருகப்பட்டவை. டின்னின் மூடிய அடிப்பாகம் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி இருந்து பார்த்தால் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருக வேண்டும். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கிற அதே திசைதான். ஆனால் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டோ, பக்கவாட்டிலிருந்து கையை வளைத்து நுழைத்தோ வேலை செய்யும்போது மூளை குழம்பிவிடும். ஒரு மார்க்கரால் டின்மேலேயே அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். போட்டபின் புது ஃபில்டரை அதே மாதிரி பிடித்து ஒருமுறை சரிபாருங்கள்.

திசை சரி என்றால் அடுத்தது பிடிமானம். டின்னை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். முதலில் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை தேய்த்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல் வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது பக்கத்தில் பெட்ரோல் துணி கிடப்பது நல்லதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போனபிறகு எமரி பேப்பரைச் சொரசொரப்பான பக்கம் டின்னைப் பார்க்கும்படி சுற்றி, ரப்பர் உறை போட்ட கையால் திருகிப் பாருங்கள். கையால் வராது என்று முடிவுகட்டிய சில ஃபில்டர்கள் இதற்கே வந்துவிடும்.

சூடு உதவும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ரப்பர் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். வழக்கமாக இதற்கு மூன்று நான்கு நிமிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்வார்கள். நீங்களோ ஆயிலை வடித்துவிட்டீர்கள். தயவுசெய்து அந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. உங்களுக்குத் தோதான வழி வெந்நீர். பழைய துணியை நல்ல வெந்நீரில் முக்கி, பிழிந்து, ஃபில்டரின் அடிப்பகுதியையும் அதை ஒட்டிய இன்ஜின் முகத்தையும் சுற்றிப் போர்த்தி வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். தலைமுடி காயவைக்கும் டிரையர் இருந்தால் அதுவும் சரி. கேஸ் டார்ச், மண்ணெண்ணெய் ஊதுவிளக்கு போன்றவை பக்கத்திலேயே வரக்கூடாது. உள்ளே ஆயிலும் எண்ணெய் குடித்த காகிதமும் இருக்கின்றன, மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

இனி ரெஞ்ச். உங்கள் பெல்ட் ரெஞ்ச் ஏன் டின்னை நசுக்கியது? டின்னின் சுவர் ரொம்ப மெல்லிய தகரம், அரை மில்லிமீட்டர்கூட இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இன்ஜினை ஒட்டியிருக்கும் அடித்தட்டு கனமான இரும்பு. மரை அதில்தான் வெட்டியிருக்கிறார்கள். தகரத்தை அந்தத் தட்டின் விளிம்போடு மடித்து மூடியிருப்பதால் அந்த ஓரத்தில் டின்னுக்கு நல்ல பலம் உண்டு, நுனிப் பக்கம் கிடையாது. நீங்கள் பெல்ட்டைப் போட்டது நுனியில், கை எளிதாகப் போகும் இடத்தில். அங்கே எவ்வளவு இழுத்தாலும் டின் முறுகுமே ஒழிய அடித்தட்டுக்கு அந்த விசை முழுதாகப் போய்ச் சேராது. பெல்ட்டோ சங்கிலியோ, எதுவானாலும் இன்ஜின் முகத்தை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, அந்த மடிப்பை ஒட்டிப் போடுங்கள். இடம் குறைவு, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் இடிக்கும், கை வலிக்கும். இருந்தாலும் அங்கேதான் போட வேண்டும்.

என்னைக் கேட்டால் நான் பொதுவாக முதலில் சொல்வது தொப்பி மாதிரி டின்னின் தலையில் கவிழும் கப் ரெஞ்ச்தான். டின்னின் நுனியில் பட்டை பட்டையாக இருக்கிறதல்லவா, அந்தப் பட்டைகளில் இது அச்சாக உட்காரும். பின்னால் ராட்செட் கைப்பிடி மாட்டிக்கொள்ளலாம், எக்ஸ்டென்ஷன் போட்டால் பெண்ட் பைப்பைத் தாண்டியும் கை எட்டும். விசை நுனியில்தான் போகிறது என்றாலும் சுற்றிலும் ஒரே சீராகப் போவதால் டின் நசுங்காது. வாங்கும்போது கண்மதிப்பில் வாங்காதீர்கள். விட்டமும் பட்டைகளின் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூட அது பட்டைகளை மழுக்கிவிட்டுச் சுற்றும். புது ஃபில்டரைக் கையோடு எடுத்துப்போய் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். சென்னையில் இருந்தால் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும்.

உங்கள் டின் நுனி ஏற்கெனவே கொஞ்சம் நசுங்கியிருக்கிறது என்பதுதான் இங்கே சிக்கல். கப் ரெஞ்ச் நேராக உட்காராமல் போகலாம். ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி உட்காரவைத்துப் பாருங்கள். லூசாக ஆடினால் பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி நடுவே சொருகுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மூன்று கால் உள்ள ரெஞ்ச் ஒன்று வரும். திருகத் திருக அதன் கால்கள் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அளவுப் பிரச்சினையும் இல்லை. ஆனால் கொஞ்சம் பருமனான சாமான் என்பதால் எல்லா வண்டியிலும் நுழையாது.

எந்த ரெஞ்சானாலும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பிடித்து, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அப்படியே நிறுத்தி வையுங்கள். ரப்பர் ஒட்டு விடுபட சில நொடிகள் எடுக்கும். விட்டுக்கொடுக்கும் கணத்தில் ஒரு சின்ன 'க்ரீச்' சத்தமோ, கையில் ஒரு மெத்தென்ற நழுவலோ தெரியும். அதற்குப்பிறகு கையாலேயே வந்துவிடும். இழுக்கும்போது கை எந்தப்பக்கம் பறக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெண்ட் பைப்பின் விளிம்பிலோ, ஆயில் கூலரின் மெல்லிய தகடுகளிலோ விரல் முட்டி போய் இடித்தால் இரண்டு பக்கமும் சேதம். ரெஞ்சுக்கு முட்டுக்கொடுக்க, இன்ஜின்மேல் வரிவரியாக இருக்கும் துடுப்புகளைப் பயன்படுத்தவே கூடாது. அலுமினியம் சொல்லாமல் உடையும்.

ரெஞ்ச் எதுவும் நுழையவில்லை, கடையும் பூட்டியிருக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. அதிகம் பேர் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் பைப்புக்குப் போடும் பெரிய ஹோஸ் கிளிப் ஒன்று வாங்குங்கள். திருகு வைத்து இறுக்கும் வகை. அதை அடித்தட்டின் மடிப்பை ஒட்டி டின்னைச் சுற்றி மாட்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்குங்கள். இப்போது கிளிப்பின் திருகுத் தலை டின்னின் பக்கவாட்டில் ஒரு முளை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அதன் பக்கத்தில் கெட்டியான ஒரு மரக்கட்டையை வைத்து, டின் சுற்றவேண்டிய திசையில் சுத்தியால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், சீரான சின்னத் தட்டல்கள் போதும். விசை நேரே பலமான ஓரத்துக்கே போகிறது. நசுங்கிய நுனி ஒரு பிரச்சினையே இல்லை. சுத்தியின் ஒவ்வொரு தட்டலும் ரப்பர் ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும். கிளிப் நழுவினால் அடியில் எமரி பேப்பர் துண்டு ஒன்றை வைத்து மறுபடி இறுக்குங்கள். உங்கள் நிலைமைக்கு நான் முதலில் இதைத்தான் முயன்று பார்ப்பேன்.

சரி, ஸ்க்ரூடிரைவர். இது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், அதனாலேயே எல்லோரும் முதலில் இதற்குப் போகிறார்கள். காரில் பெரிய ஃபில்டர், சுற்றிலும் தாராளமான இடம், அதில் ஓரளவு பலிக்கும். பைக்கில் டின் சின்னது. நன்றாக ஒட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் தகரத்தை டப்பா திறப்பது போலக் கிழித்துக்கொண்டே சுற்றிவரும், அடித்தட்டு அங்கேயே நிற்கும். டின்னுக்குள் மிச்சமிருக்கும் ஆயில் கையிலும் பெண்ட் பைப்பிலும் கொட்டும். செய்தே தீரவேண்டும் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, ஸ்டட் டின்னுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் இடித்துவிடக்கூடாது. இன்ஜின் முகத்திலிருந்து மூன்று சென்டிமீட்டராவது தள்ளி இறக்குங்கள். இரண்டு, கிழிய ஆரம்பிப்பது தெரிந்த உடனே நிறுத்துங்கள். இன்னொரு இடத்தில் குத்திப்பார்க்கலாம் என்று போனால் டின் சல்லடையாகிவிடும். அதன்பின் எந்த ரெஞ்சுக்கும் பிடி கிடைக்காது.

அப்படிக் கிழிந்துபோனால்? நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் பயந்து வண்டியை ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். உண்மையில் இது முடிந்துபோன கதை இல்லை, வேறு வேலையாக மாறுகிறது. அவ்வளவுதான். டின்னை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு அடித்தட்டை மட்டும் தனியாகக் கழற்ற வேண்டும்.

தகரம் வெட்டும் கத்தரியால் டின்னைச் சுற்றி வெட்டுங்கள். கிரைண்டர் வேண்டாம். தீப்பொறி ஒரு காரணம், உலோகத் தூள் இன்னொரு காரணம், இரண்டாவதுதான் பெரிது. வெட்டிய ஓரம் சவர பிளேடு மாதிரி இருக்கும், கெட்டியான தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், அதன் நடுவே துளை போட்ட ஒரு குழாய், ஒரு ஸ்பிரிங், ரப்பரில் ஒரு வட்டத் தட்டு எல்லாம் வரும். ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். ஸ்டட்டின் வாய் கண்ணுக்குத் தெரிந்த உடனே, மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால், அதற்குள் நூல் உதிராத சுத்தமான துணித்துண்டு ஒன்றைத் திணித்துவிடுங்கள். பாதி வெளியே தொங்கட்டும், மறக்காமல் எடுக்க வேண்டுமே.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஆயில் ஓடும் திசை. பம்ப்பிலிருந்து வரும் ஆயில் அடித்தட்டின் சுற்றுத்துளைகள் வழியாக டின்னுக்குள் நுழைந்து, காகிதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக வடிந்து, நடுக்குழாய் வழியாக இன்ஜினுக்குத் திரும்பிப் போகிறது. நடுத்துளை வடிகட்டிய பக்கம். அதற்குள் விழும் இரும்புச் சிராய்க்கு வழியில் தடை எதுவும் கிடையாது, நேராக கிராங்க் பேரிங்குக்குப் போய்ச் சேரும். ஓரத்தில் விழுவதைக்கூட அடுத்த ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். இறுகிய ஃபில்டர் ஒரு மத்தியானத்தைத் தின்னும். நடுவில் விழுந்த சிராய் இன்ஜினையே தின்றுவிடும்.

இப்போது உங்கள் எதிரே ஒரு வட்டத் தட்டு, சுற்றிலும் துளைகள். அந்தத் துளைகளே உங்களுக்குப் பிடி. உறுதியான இரண்டு முனை உள்ள பிளேயரை எதிரெதிர்த் துளைகளில் நுழைத்து, பிளேயரின் நடுவே ஸ்பேனர் கொடுத்துத் திருகலாம். அல்லது ஒரு துளையின் ஓரத்தில் மழுங்கிய உளியைச் சாய்த்து வைத்து, இடஞ்சுழியாகச் சுத்தியால் தட்டலாம். ஒரே துளையில் தட்டிக்கொண்டே இருக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றித் தட்டுங்கள். விளிம்பில் உளி வைப்பதென்றால் உளியின் நுனி இன்ஜின் முகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் உட்காரும் அந்த அலுமினிய வட்டத்தில் குறுக்குக் கீறல் விழுந்தால் இனி எந்த ஃபில்டர் போட்டாலும் அங்கே கசியும். தட்டில் விழும் அடி எல்லாம் பரவாயில்லை, அது குப்பைக்குப் போகிற சாமான்.

பெண்ட் பைப்பைக் கழற்றினால் இடம் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும்தான். ஆனால் சைலன்சர் ஸ்டட்கள் சூட்டில் வெந்து கிடப்பவை, உடைந்தால் இந்த ஃபில்டரைவிடப் பெரிய தலைவலி. டின் முழுசாக இருக்கும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம். வெட்டும் கட்டத்துக்கு வந்து, கை நுழையவே வழியில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

தட்டு வரும்போது சில சமயம் ஸ்டட்டும் கூடவே சுற்றி வெளியே வந்துவிடும். பதறாதீர்கள். அது இன்ஜினிலும் மரையில்தான் மாட்டியிருக்கிறது. ஃபில்டரிலிருந்து பிரித்தெடுத்து, இரண்டு பக்க மரையும் அடிபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டிருந்தால் புதுசு வாங்குங்கள். மறுபடி மாட்டும்போது மரையைச் சுத்தமாகத் துடைத்து, இன்ஜினுக்குள் போகும் பக்கத்தில் மட்டும் மரை தளராமல் பிடிக்கும் மரைப் பசை (த்ரெட் லாக்) ஒரு சொட்டு விட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். வெளியே எவ்வளவு நீளம் நீட்டியிருக்க வேண்டும் என்று மேனுவலில் இருந்தால் அதையும் பாருங்கள். பசை காயும்வரை ஃபில்டர் மாட்டாதீர்கள்.

எப்படியோ ஃபில்டர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெந்துபோன ரப்பர் அப்படித் தங்குவது சகஜம், அதுவும் கறுப்பு ஆயிலில் கறுப்பு ரப்பர் கண்ணுக்கே தெரியாது. டார்ச் அடித்து, நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். பழைய ரப்பர்மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கொஞ்ச தூரம் சும்மா இருக்கும், ஆயில் அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி வெளியே வரும். ஃபில்டர் இருக்கும் இடத்தையும் பின் டயர் இருக்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயில் கொட்டிய டயரோடு ஒரு வளைவில் சாய்வது எப்படி முடியும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய ரப்பரை எடுக்க மரக்குச்சி, பிளாஸ்டிக் ஸ்கேல், நகம் போதும். பிளேடு, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். முகத்தைத் துணியால் துடைத்து, ஸ்டட்டில் திணித்த துணியை எடுத்துவிட்டு, புது ஃபில்டருக்கு வாருங்கள்.

புது ரப்பரில் சுற்றிலும் விரலால் புது ஆயில் தடவுங்கள். அடுத்த முறை இதே கூத்து நடக்காமல் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு விரல் ஆயிலில்தான் இருக்கிறது. கையாலேயே திருகிக்கொண்டு போங்கள். ரப்பர் இன்ஜின் முகத்தைத் தொடும் இடம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முக்கால் சுற்று, கையால்தான். பெரும்பாலான டின்களில் இந்த அளவைப் படம்போட்டு அச்சடித்திருப்பார்கள், உங்கள் டின்னில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்கள் மேனுவலைப் பார்த்துப் போடலாம். இந்த மாதிரி ஃபில்டர்களுக்கு ஜப்பான் பைக் கம்பெனிகள் தரும் அளவுகள் பெரும்பாலும் 17 முதல் 26 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். இது எவ்வளவு கம்மி என்பது ஒருமுறை டார்க் ரெஞ்ச் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கப் ரெஞ்ச் கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கத் தோன்றும். கழற்றும்போது பட்ட பாடு அதைவிடத் தூண்டும். அந்த ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்.

டின்மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டி, மேனுவல் சொன்ன ஆயிலை ஊற்றுங்கள். கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் (ஈரக் கிளட்ச்) வண்டி என்பதால் கார் ஆயில் சரிப்படாது. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் சும்மா ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சோடு குனிந்து ஃபில்டரின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள். புது ஃபில்டர் தனக்கென்று கொஞ்சம் குடித்திருக்கும், அதை நிரப்புங்கள். பெண்ட் பைப்பில் சிந்தியதைச் சோப்புத் தண்ணீரில் துடைக்காவிட்டால் முதல் சிக்னலில் புகை கிளம்பி உங்களைப் பயமுறுத்தும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. இவ்வளவும் டின்னோடு சேர்த்துத் திருகிக் கழற்றும் ஃபில்டருக்கு. கிளாசிக் 350, டியூக் 390 போன்றவற்றில் ஒரு சின்ன மூடிக்குள் காகித எலிமென்ட் மட்டும் இருக்கும். அங்கே இறுகுவது மூடியின் ஓரிங் எனும் ரப்பர் வளையம். போல்ட்களைக் கழற்றியபின் மூடியைப் பிளாஸ்டிக் சுத்தியால் பக்கவாட்டில் தட்டிச் சற்றுச் சுழற்றினால் ஒட்டு விடும், இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக்கூடாது. அவற்றில் பெரும்பாலும் தகராறு செய்வது மூடியைவிட அந்தச் சின்ன போல்ட்களின் தலைதான், தலைக்குச் சரியான அளவு சாவியை முழுசாக அழுத்தி வைத்துத் திருகுங்கள். பழைய ஸ்ப்ளெண்டர்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் காகித ஃபில்டரே கிடையாது, ஒரு சல்லடையும் கிராங்கோடு சுழலும் ஒரு வடிகட்டியும்தான்.

கழற்றிய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு, வடிந்ததைப் பழைய ஆயிலோடு சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். கையை நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஓடிய இன்ஜின் ஆயில் தோலுக்கு நல்லதில்லை.

முதல் நாள் ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டியபின் ஃபில்டரின் கீழ் ஓரத்தை ஒரு வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கறை இல்லையென்றால் வேலை முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கால் சுற்று இறுக்கத் தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். லேசாக ஈரம் தெரிந்தால் மட்டும், இன்ஜின் ஆறியபின், கையால் ஒரு சிறு அளவு இறுக்கி மறுபடி துடைத்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் மேலே மேலே முறுக்காமல் கழற்றி ரப்பரைப் பாருங்கள். ஆயில் தடவி மாட்டியிருப்பதால் இந்தமுறை கையாலேயே வந்துவிடும்.